கம்சியாக்கா கையெழுத்திட்ட மரங்கள்

எங்கள் தோட்டக் கம்பெனியில் ஒரு மரத்தைப் பார்த்து இது நிற்கும், இது விழும் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. கம்சியாக்காவுக்கு. குள்ளமான உருவம், வெயிலில் வெளுத்துப்போன துடோங் என்ற மலாய் முக்காடு, அதற்கு மேல் மஞ்சள் தலைக்கவசம், இடுப்பு வாரில் ஒரு நைலான் சுத்தியல். குடியிருப்புப் பேட்டைகளில் புல் வெட்டி, வேலிச்செடி கத்தரித்து, பிறகு வெட்டுகிறவர்களை மேய்த்து, இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர். சத்தமாகப் பேசுவார். தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவும் பேசுவார். யாராவது தப்பு சொன்னால் முகம் சட்டென்று சிறுத்துப்போகும்.

நான் அங்கே சேர்ந்தபோது அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. யாருடைய செயின்சா அட்டை எப்போது காலாவதியாகிறது, யார் ஏணிப் பயிற்சிக்குப் போக வேண்டும், மருந்தடிக்கும் உரிமம் யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்தவள் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அதனால் கம்சியாக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மனசு நன்றாக இருந்தால் தங்கச்சி. இல்லாவிட்டால் பட்டதாரி.

அந்த வருடம் விதி மாறியது. மரவேலை ஏலத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு தோட்டக் கம்பெனியிலும் சான்றிதழ் பெற்ற மரப் பரிசோதகர் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் புல், செடி, பூந்தொட்டி இவற்றோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். எங்கள் முதலாளி ஓங் என்னைத்தான் முதலில் பார்த்தார். ஆனால் தேர்வு எழுதவே களத்தில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்க வேண்டும். என் பட்டம் அதற்கு ஈடாகாது. வெளிநாட்டு ஊழியர்களில் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டால் சான்றிதழும் கூடவே விமானம் ஏறிவிடும். அப்படிச் சுற்றிச் சுற்றி வந்து ஓங்கின் கண் கம்சியாக்கா மேல் நின்றது.

"சியா, நீ எழுது."

"பாஸ், நான் கடைசியா பரீட்சை எழுதினப்ப என் மூத்தவ பொறக்கவே இல்ல."

"அதனால என்ன? மரம் அப்பவும் மரந்தான், இப்பவும் மரந்தான்."

"மரம் பரீட்சை வெக்காது பாஸ். மனுசன்ல வெக்கிறான்."

சொன்னாரே தவிர, அடுத்த நாளே ஒரு புது பென்சில் பெட்டியோடு வந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் வகுப்பாக மாறியது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில், சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்துகொள்வோம். அவருக்கு எல்லா மரத்துக்கும் மலாய்ப் பெயர் தெரியும். தேர்வு கேட்டது லத்தீன் பெயர்கள். நான் படிக்க, அவர் திருப்பிச் சொல்வார்.

"அங்சானா?" என்றேன் நான். "டெரோகார்ப்பஸ் இண்டிகஸ்."

"டெரோ... டெரோ..."

செயின்சா பிடிக்கும் தவமணி அறந்தாங்கிக்காரர். சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "தேர், ஓ, கார், பஸ். அவ்ளோதான்க்கா. எல்லாமே வண்டி."

"தேர்னா?"

"வெள்ளியில செஞ்ச சாமி வண்டி இழுத்துட்டுப் போவாங்கல்ல தைப்பூசத்துக்கு மொத நாளு. அது."

"அப்ப இண்டிகஸ்?"

"அது நான். இந்தியாலேர்ந்து வந்தவன்."

அடுத்த நாள் காலை லாரியிலிருந்து இறங்கும்போதே கம்சியாக்கா சாலையோரத்து அங்சானாவைச் சுட்டிக்காட்டி, "தேர், கார், பஸ், தவமணி" என்று பாடம் ஒப்பித்தார். லாரியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அதன் பிறகு ஆட்கள் ஒருவரையொருவர் லத்தீனில்தான் கூப்பிட்டார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் பெயரான சமானியா, இடைவேளைக்குப் பிறகு எழ மனமில்லாத ஒரு ஆளுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

முதல் தேர்வில் தோற்றார். இரண்டாவதில் மிகக் கொஞ்சத்தில் தோற்றார். அது அவரை முதல் தோல்வியைவிட அதிகமாக உறுத்தியது. "ஒரேயடியா முட்டாள்னு சொல்லிருந்தா வீட்டுக்குப் போயிருப்பேன். இது என்ன, வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வந்து கதவச் சாத்துறது." எந்தக் கேள்விகளில் போனது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தபோது, தெரியாதவற்றை எழுதாமல் விட்டதில்தான் போனது என்று அவர் முடிவு கட்டினார். விடை தவறானால் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் விட்டுவிட்டால் ஒன்றுமே இல்லை. "இனிமே ஒண்ணையும் விடமாட்டேன்" என்றார். மூன்றாவது முறை ஒன்றையும் விடவில்லை. தேறிவிட்டார்.

அன்றைக்கு ஓங் கோப்பிக்கடையில் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். கம்சியாக்காவின் வீட்டில் மகள்கள் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் பச்சைக் கிரீமில் ஒரு மரம். கணவர் அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார். புது அடையாள அட்டை வந்ததும் அக்கா அதைச் சட்டைக்குள் போட மறுத்துவிட்டார். குனிந்து வேலை செய்யும்போது அது ஊஞ்சல் மாதிரி ஆடும். "வேலில மாட்டிக்கப்போவுதுக்கா" என்றால், "மாட்டட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்" என்பார்.

அந்த அட்டையோடு அவர் செய்த முதல் பெரிய வேலை, ஒரு பழைய பேட்டையின் கார்நிறுத்துமிடத்தை ஒட்டி நின்ற அங்சானா வரிசை. ஆண்டிறுதி மழைக்கு முன் பரிசோதனை முடிய வேண்டும் என்று பேட்டை அலுவலகம் கேட்டிருந்தது. மரத்தைச் சுற்றி நடக்க வேண்டும், அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும், காளான், வெடிப்பு, வேர் தூக்கல் எல்லாம் பார்க்க வேண்டும். கடைசியில் மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். நலம். அகற்றுக. சந்தேகம். சந்தேகம் என்றால் வெளியிலிருந்து ஒரு ஆள் மெல்லிய ஊசித் துளைப்பானோடு வந்து மரத்துக்குள் ஊசியை இறக்கி, உள்ளே கட்டையா பொந்தா என்று பார்ப்பார். அதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

கம்சியாக்கா அந்த வரிசையை இரண்டு காலைப்பொழுதுகளில் முடித்துவிட்டார். எட்டு மரங்களுக்கு அகற்றுக. மற்றவை எல்லாம் நலம். சந்தேகம் என்று ஒன்றுகூட இல்லை.

"எட்டா?" என்றார் தவமணி. "அக்கா சர்டிபிகேட் வாங்குன நாள்லேர்ந்து பேட்டையில உள்ள மரமெல்லாம் நோயாளியாயிருச்சு."

"தட்டிப் பாருடா. நீயே கேளு."

தவமணி தட்டினார். காதை மரத்தோடு ஒட்டிக் கேட்டார். "பொள்ளலாத்தான்க்கா கேக்குது" என்று ஒப்புக்கொண்டார். நானும் தட்டினேன். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அந்த மரங்களில் ஒன்றின் கிளையில் தினமும் காலையில் சில பெரியவர்கள் பறவைக்கூண்டு மாட்டிவிட்டு நாளிதழ் படிப்பார்கள். அவர்களில் ஒருவர் அக்காவின் அட்டையைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"முப்பது வருசமா நிக்குதே, விழலியே."

"விழுற அன்னிக்கு முன்கூட்டியே சொல்லிட்டு விழாது அங்கிள். அதச் சொல்லத்தான் என்ன வெச்சிருக்காங்க."

பெரியவர் கூண்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அட்டை இருக்கிறவரோடு யார் வாதாடுவது. பேட்டை அலுவலகமும் வாதாடவில்லை. சான்றிதழ் பெற்றவர் ஆபத்து என்று எழுதிய பிறகு அதைக் கிடப்பில் போடும் துணிச்சல் எந்த அதிகாரிக்கும் வராது. எட்டு மரங்களுக்கும் உடனே அனுமதி வந்தது. பளுதூக்கி வண்டிக்கு ஓங் நாள் குறித்தார்.

முதல் மரம் விழுந்த காலையில் நான் படமெடுக்கப் போயிருந்தேன். கிளைகளை முதலில் கழித்து இறக்கி, பிறகு அடிமரத்தை மேலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசித் துண்டு சாய்ந்ததும் தவமணி செயின்சாவை அணைத்தார். 

வெட்டுமுகம் முழுவதும் கட்டை. பொந்து இல்லை, மக்கல் இல்லை, ஒரு விரல் நுழையும் ஓட்டைகூட இல்லை. நடுவே வெளிர் சிவப்பில் வளையங்கள். வெட்டிய ஓரங்களில் அங்சானாவின் சிவப்புப் பால் மெதுவாகக் கசிந்து திரண்டுகொண்டிருந்தது. நோய்ப்பட்ட மரம் அப்படிக் கசியாது என்று என் பாடப்புத்தகத்தில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அங்கே நின்ற யாருக்கும் புத்தகம் தேவைப்படவில்லை.

கம்சியாக்கா குனிந்து, கீழே கிடந்த துண்டை நைலான் சுத்தியலால் தட்டினார். அதே சத்தம். பொள்ளென்று. "இங்க வெட்டு" என்றார். தவமணி குறுக்கே வெட்டினார். இரண்டு வேர்ப்புடைப்புகள் சேரும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் காற்றுப்பை மாதிரி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் கல் மாதிரி மரம். அந்தக் காலத்தில் இந்த வரிசையை நட்டவர்கள் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று தடித்த கம்புகளாகவே நட்டிருக்கிறார்கள். பல தண்டுகள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரமாகியிருக்கின்றன. ஒட்டிய இடத்தில் பட்டை மாட்டிக்கொண்டது. சுத்தியல் தட்டியது மரத்தை அல்ல, அந்த மடிப்பை.

"எனக்கும் பொள்ளலாத்தான்க்கா கேட்டுச்சு" என்றார் தவமணி, மெதுவாக.

"நீ கையெழுத்துப் போடலியே" என்றார் கம்சியாக்கா.

அவர் அங்கேயே கட்டையின் மேல் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த மீ சியாம் பொட்டலத்தைத் திறந்து சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, "மத்த ஏழும் இதே வரிசைல நட்டதுதான, தங்கச்சி?" என்றார்.

"ஆமாக்கா."

"இதே மாதிரி கம்பா நட்டது."

"ஆமா."

அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் விதிகளைக் கோப்பில் வைத்திருப்பவள் நான்தான். வெட்டி முடித்த மரத்தின் மேல் எழுதிய முடிவைத் தப்பு என்று பரிசோதகரே திரும்பப் பெற்றால், விஷயம் சான்றிதழ் கொடுத்த வாரியத்துக்குப் போகும். வாரியம் விசாரிக்கும். அட்டையை நிறுத்திவைக்கலாம். ரத்தும் செய்யலாம். அட்டை போனால் மரவேலை ஏலத்தில் கம்பெனிக்கு உள்ள தரநிலையும் போகும். ஓங் ஒரு பெரிய பூங்கா ஏலத்துக்கு அப்போதுதான் விலை போட்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எதுவும் நடக்காது. ஏழு மரங்களுக்கு அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. வெட்டிய மரத்தின் உள்பக்கத்தை வந்து பார்க்கிற அதிகாரி யாரும் இல்லை. அன்று மாலைக்குள் அந்தத் துண்டுகளெல்லாம் இயந்திரத்தில் போய்த் தூளாகிவிடும்.

அக்கா ஓங்கைக் கூப்பிட்டார். அவர் வந்தார். கட்டையைப் பார்த்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரி, ஒண்ணு தப்பாப் போச்சு. மீதி ஏழும் நெசமாவே பொள்ளலா இருக்கலாம்ல?"

"இருக்கலாம் பாஸ்."

"இல்லாமலும் இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"தெரியலன்னா வெட்டு சியா. வெட்டுனா யாரும் கேக்கமாட்டாங்க. வெச்சு, நாளைக்கு ஒரு கார் மேல விழுந்தா, அப்பக் கேப்பாங்க. உன்னத்தான் கேப்பாங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே அவருக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த இடத்தில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பட்டம் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை யாரும் என்னிடம், இது விழுந்தால் நீ பதில் சொல்வாயா என்று கேட்டதில்லை. எனக்கு அந்தப் பயமே பழக்கமில்லை.

கம்சியாக்கா, "யோசிக்கிறேன் பாஸ்" என்றார். பளுதூக்கி வண்டியை அடுத்த மரத்துக்கு நகர்த்த வேண்டாம் என்று தவமணியிடம் சொன்னார். அவ்வளவுதான்.

மாலையில் பேருந்து நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். வழியில் எபோக் எபோக் பலகாரம் வாங்கினார். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏன் ஒண்ணுக்குகூட சந்தேகம் போடலக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. "பேனா அந்தக் கட்டத்துக்கிட்டப் போனாலே ரெண்டாவது பரீட்சை ஞாபகம் வந்துச்சு. எழுதாம விட்டது. சந்தேகம்னு போட்டா நான் இன்னும் பாஸ் பண்ணாத மாதிரி இருந்துச்சு." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "பட்டதாரிக்கு இதெல்லாம் புரியாது."

புரிந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கும் நாக்கு வராது. வீட்டில் அப்பா எந்தக் கடிதத்தை நீட்டினாலும், புரிந்த மாதிரியே படித்துச் சொல்லி வளர்ந்தவள் நான். பேச்சை மாற்றினேன்.

"வீட்ல என்ன சொல்லுவாங்கக்கா?"

"வெட்டுன கேக்க திருப்பிக் கொடுன்னா சொல்லப்போறாங்க." பேருந்து வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் நேராகப் பேட்டை அலுவலகத்துக்குப் போனார். என்னையும் அழைத்துக்கொண்டார். ஓங்கிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. அவர் மறுமுனையில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அங்கே பசுமைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி சியூ லிங். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"ஏழு மரத்தையும் நிறுத்தணும்" என்றார் அக்கா. "நான் எழுதுனத திரும்ப எடுத்துக்கிறேன். எல்லாத்தையும் சந்தேகம்னு மாத்தி, ஊசி போட்டுப் பாக்கணும்."

சியூ லிங் கணினியைப் பார்த்தாள். "அப்ப அந்த ஒண்ணு?"

"அது நல்ல மரம். நான் தப்பா எழுதிட்டேன்."

"அக்கா, இத நீங்க வாயால சொன்னாப் போதும்னு வெச்சுக்கிட்டா நான் சும்மா தேதிய மட்டும் தள்ளிவெக்கலாம். மழை, வண்டி வரல, அப்படி ஏதாவது. எழுத்துல வந்தா நான் மேல அனுப்பியாகணும். அப்புறம் வாரியம் வரைக்கும் போகும்."

"அனுப்புங்க."

"நீங்க நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா செய்யமாட்டேன் தங்கச்சி. அதான் காலைலயே வந்துட்டேன்."

சியூ லிங் சிரிக்கவில்லை. அச்சடித்துக் கொடுத்த தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அவருக்கு அது இன்னும் மனப்பாடம் ஆகியிருக்கவில்லை.

ஊசி போடும் ஆள் வந்த வாரம் எங்கள் ஆட்கள் எல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமே புல் வெட்டினார்கள். இயந்திரம் மரத்துக்குள் மெல்லிய ஊசியை இறக்க, மேலே தாளில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போனது. கட்டை கெட்டியாக இருந்தால் கோடு மேலே. பொந்து என்றால் கீழே விழுந்துவிடும்.

"மரத்துக்கு ஈசிஜி எடுக்கறாங்கடா" என்றார் தவமணி. "அக்கா, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துரலாமா?"

"எனக்கு எடுத்தா கோடு தாள விட்டே வெளிய போயிரும்."

நான்கு மரங்கள் முழுக் கட்டை. இரண்டில் உண்மையிலேயே உள்ளே ஒன்றுமில்லை, வெளிச்சுவர் மெலிந்து போயிருந்தது. கடைசி மரம் இரண்டிலும் சேரவில்லை. நடுவில் பொந்து. ஆனால் சுற்றிலும் சுவர் தடிமனாக இருந்தது. நிற்கும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஊசி போட்ட ஆள் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, முடிவு பரிசோதகருடையது என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குள் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஏன் சந்தேகம் என்று போடவில்லை என்பதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சொன்னதையே அவர்களிடமும் சொன்னதாக அக்கா சொன்னார். "அதுல ஒருத்தரு தலைய ஆட்டுனாரு. அவரும் ரெண்டு தடவ பெயில் போல." அட்டை ரத்தாகவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு அவர் எழுதும் ஒவ்வொரு முடிவிலும் இன்னொரு சான்றிதழ் பெற்றவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தனியாக எழுதினால் செல்லாது. கம்பெனியின் தரநிலை ஒரு படி இறங்கியது. பூங்கா ஏலம் கைவிட்டுப் போனது.

ஓங் சத்தம் போடவில்லை. ஒரு மாதத்துக்கு அக்காவை வேலிச்செடி கத்தரிக்க அனுப்பினார். காலையில் வேலை பிரிக்கும்போது அவர் பெயரைக் கடைசியாகச் சொன்னார். அந்த நாட்களில் அக்கா அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் யாரும் லத்தீன் பேசவில்லை. தவமணிகூட. ஒரு மதியம் பங்களாதேஷ் ஆள் மிலோன், அக்கா இருப்பதை மறந்து யாரையோ சமானியா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா நிமிர்ந்து பார்த்து, "முழுப்பேரச் சொல்லுடா. சமானியா சமான். பாதிப்பேருக்கு பாதி மார்க்குதான்" என்றார். அதன் பிறகு கொஞ்சம் இலகுவானது.

கூடக் கையெழுத்துப் போட வந்தவர் டெஸ்மண்ட் யாப். வேறொரு கம்பெனியின் பரிசோதகர். அக்காவின் மூத்த மகளைவிட ஓரிரண்டு வயது பெரியவராக இருக்கலாம். முதல் நாளே அக்காவை மேடம் என்று கூப்பிட்டு, "மேடம்னா கிளாஸ் டீச்சர் மாதிரி இருக்கு, அக்கான்னு சொல்லு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பொந்தும் சுவருமாக இருந்த அந்த ஏழாவது மரத்தைத்தான் இருவரும் முதலில் சேர்ந்து பார்த்தார்கள். மேகமூட்டமாக இருந்தது. டெஸ்மண்ட் தாளில் கோட்டைப் பார்த்தார், அளவு நாடாவைச் சுற்றினார், கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டார். அக்கா ஒரு பக்கமிருந்து தட்டிக்கொண்டே போனார். அவர் தட்டிய இடத்திலெல்லாம் டெஸ்மண்டும் தட்டினார்.

"கணக்குப்படி நிக்கும்" என்றார் டெஸ்மண்ட். "ஆனா விளிம்புல இருக்கு. நீங்க அகற்றுகன்னு எழுதினா நான் மறுக்கமாட்டேன். நிக்கட்டும்னு எழுதினாலும் மறுக்கமாட்டேன். நீங்கதான் மொதல்ல எழுதணும்."

"நல்லா பந்த என் பக்கம் தள்ளிவிடுறப்பா."

"விதி அப்படித்தான்க்கா."

ஓங்கும் வந்திருந்தார், வண்டியின் கதவில் சாய்ந்தபடி.  சொல்ல வேண்டியதை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். வெட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சந்தேகம் என்ற கட்டம் இப்போது இல்லை. ஊசி போட்டாகிவிட்டது. இருக்கிறது இரண்டே கட்டங்கள். வெட்டச் சொல்லும் கையெழுத்து அன்றோடு முடிந்துவிடும். நிற்கச் சொல்லும் கையெழுத்து, அந்த மரம் நிற்கும்வரை அவர் பெயரோடு நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு புயல்மழைக்கும் அது பதில் சொல்ல வேண்டும். என் இடத்திலிருந்து பார்த்தபோது, அந்தத் தாள் அவர் கையில் பாரமாக இருந்தது மாதிரி தோன்றியது. அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று நான் விரும்பினேனோ என்னவோ.

அக்கா இன்னொரு சுற்று நடந்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். கார்நிறுத்துமிடத்தின் பக்கம் சாய்ந்திருந்த இரண்டு பெரிய கிளைகளைச் சுத்தியலால் சுட்டினார்.

"இது ரெண்டையும் கொறைச்சா மேல கனம் கொறையும். காத்து பிடிக்கிறதும் கொறையும்."

"எவ்வளவு கொறைக்கணும்?" என்றார் டெஸ்மண்ட்.

"மொட்டையடிக்கக் கூடாது. கால்வாசி. கிளை மரத்தோட சேர்ற கழுத்த விட்டுட்டு வெட்டணும். தவமணிதான் ஏறணும், வேற யாரும் வேணாம்."

பிறகு எழுதினார். நலம். கிளைக்குறைப்புடன். ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. மிக மெதுவாக எழுதினார். சின்னப் பிள்ளை எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. டெஸ்மண்ட் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஓங் வந்து தாளைப் படித்துவிட்டு, "நிக்கணும் சியா" என்றார்.

"நானும் அதத்தான் சொல்லியிருக்கேன் பாஸ்."

அடுத்த வாரம் தவமணி ஏறி, இரண்டு கிளைகளையும் குறைத்தார். அன்று முழுவதும் அக்கா கீழேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திட்டு. "அக்கா, நீங்களே ஏறி வந்துருங்களேன்" என்று மேலிருந்து தவமணி குரல் கொடுத்தார். "எடம் இருக்கு."

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் சுமத்ராப் பக்கமிருந்து வந்த காற்று தீவு முழுவதையும் உலுக்கியது. விடியும் நேரம். என் வீட்டுச் சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. காயப்போட்ட துணிகள் கம்போடு கீழே போயின. காற்று அடங்கியதும் எனக்கு முதலில் அந்த மரம்தான் நினைவுக்கு வந்தது. கையெழுத்து என்னுடையதல்ல. ஆனாலும் தொலைபேசியை எடுத்தேன்.

கம்சியாக்கா உடனே எடுத்தார். பின்னால் மழைநீர் வடியும் சத்தம், ஒரு பேருந்து போகும் சத்தம். வீட்டில் இல்லை என்று தெரிந்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"மரத்தடியில."

"எப்ப வந்தீங்க?"

"காத்து நிக்கிறதுக்கு முன்னாடியே. டாக்சிக்காரன் என்ன ஒரு மாதிரியாப் பாத்தான்." மூச்சு வாங்கினார். சுத்தியல் மரத்தில் படும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி, இன்னும் இரண்டு முறை.

"எப்படி இருக்கு?"

"ரெண்டு சின்னக் கொம்பு ஒடிஞ்சிருக்கு. வேர் தூக்கல. வெடிப்பு இல்ல." இன்னொரு தட்டு. "நிக்குது. நீ காலண்டர்ல ஆறு மாசம்னு போட்டிருப்பல்ல? அத நாலா மாத்திரு. டெஸ்மண்டுக்கும் சொல்லிரு."